அம்மாவுக்கு ராத்திரி ராத்திரி சொன்ன 1816

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்ச முதல் வாரம். டிவி பார்க்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க, ஆனா வெளிச்சம் பட்டாலே கண்ணுல தண்ணி கொட்டுதுன்னு அம்மாவே வேணாம்னுட்டாங்க. ராத்திரி பத்து மணிக்குக் கடைசி சொட்டு மருந்து விடணும், அதுவரைக்கும் ரெண்டு பேரும் முழிச்சிருக்கணும். நான் கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டு கிண்டில்ல ஒரு நாவல் படிச்சிட்டு இருந்தேன். "என்னடி அது, நீயா சிரிக்கிற, நீயா பெருமூச்சு விடுற, எனக்கும் சொல்லேன்"ன்னாங்க. அன்னிலேர்ந்து பதினோரு ராத்திரி, பகல்ல நான் படிக்கிறதை ராத்திரி அம்மாவுக்குத் தமிழ்ல சொல்றதுன்னு ஆயிடுச்சு.

நாவல் பேரை சொல்லப் போறதில்ல, ஏன்னா முடிவு வரைக்கும் பேசப் போறேன், படிக்கலாம்னு இருக்கறவங்களுக்குக் கெட்டுடக் கூடாது. டைம் டிராவல் ஹிஸ்டாரிகல் ரொமான்ஸ், அதுலயும் "க்ளீன்" வகை, அதாவது முழு நாவல்லயும் ஒரே ஒரு முத்தம்தான், அதுவும் கடைசிக்கு முந்தின அத்தியாயத்துல. இந்த "க்ளீன்"ங்கற வார்த்தை மேல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, மத்த காதல் கதையெல்லாம் அழுக்குன்னு சொல்ற மாதிரி இருக்கு. நான் ரெண்டு வகையும் படிக்கறவ. ஆனா அம்மாவுக்கு சத்தமா சொல்லணும்னு வந்தப்போ ஒரு இடத்துலகூட தடுமாறாம சொல்ல முடிஞ்சது, அதுக்கு அந்த எழுத்தாளருக்கு நன்றி சொல்லியே ஆகணும்.

கதை இதுதான். ஹீரோயின் இந்தக் காலத்துப் பொண்ணு, பிரிஸ்டல்ல ஒரு ஆஸ்பத்திரியில பிரசவம் பார்க்கிற மிட்வைஃப். லீவு நாள்ல பக்கத்துல இருக்கற பாத் நகரத்துக்குப் போறா. பூமிக்கடியிலேர்ந்து வெந்நீர் ஊத்து வர்ற ஊர் அது, தண்ணி கிட்டத்தட்ட 46 டிகிரி சூடு, ரோமானியர்கள் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்க குளம் கட்டி வெச்சிருக்காங்க. அந்தக் குளத்தங்கரையில நிக்கிறப்போ தலை சுத்தி விழறா, எழுந்து பார்த்தா 1816 மே மாசம். எப்படிப் போனா, எந்த விஞ்ஞானம்னு ஒரு விளக்கமும் கிடையாது, எனக்கும் தேவைப்படல. ஆனா ஒரு விஷயம் ரொம்பப் பிடிச்சது. கண்ணைத் திறந்தா அந்த ரோமானியக் குளம் அங்க இல்ல. ஏன்னா அதைத் தோண்டி வெளிய கொண்டு வந்ததே 1880 வாக்குலதான், 1816-ல அது மண்ணுக்குள்ள, மேல வீடுங்க. அவ தேடற குளம் அவ காலுக்குக் கீழயே இருக்கு, ஆனா இறங்க வழி இல்ல. திரும்பிப் போற வாசல் மூடியாச்சுன்னு சொல்றதுக்கு இதைவிட வேற என்ன வேணும்.

அம்மா இதையெல்லாம் ரொம்ப சாதாரணமா எடுத்துக்கிட்டாங்க. மயக்கம் போட்டு எழுந்தா வேற காலம், சரி, மேல சொல்லுன்னாங்க. ஆனா கேட்ட முதல் கேள்வி, "அவ அம்மா தேட மாட்டாங்களா?"

அம்மா அப்பா இல்லாத பொண்ணும்மா, சின்ன வயசுலயே போயிட்டாங்கன்னேன். "ம்ம்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்படி வெச்சாத்தான் கதை நடக்கும், இல்ல?"ன்னாங்க. இந்த மாதிரி நாவல் நான் நிறைய படிச்சிருக்கேன், ஒரு தடவைகூட இது எனக்குத் தோணினதில்ல. யோசிச்சுப் பார்த்தா, காலம் தாண்டிப் போற பொண்ணுங்க பாதிப்பேர் அனாதை, மீதிப்பேர் வீட்டோட சண்டை போட்டுக்கிட்டவங்க. இந்தப் பக்கம் யாரும் காத்துக்கிட்டு இருக்காத பொண்ணைத்தான் அந்தப் பக்கம் அனுப்பறாங்க.

அவ போய் விழுந்த வருஷத்தைப் பத்தி சொல்லணும், ஏன்னா அங்கதான் இந்த நாவல் மத்ததுலேர்ந்து தனியா நிக்குது. 1816-ஐ கோடையே வராத வருஷம்னு சொல்வாங்க. அதுக்கு முந்தின வருஷம் ஏப்ரல்ல இந்தோனேசியாவுல சும்பாவா தீவுல தம்போரா எரிமலை வெடிச்சு, அந்தப் புகையும் தூசும் வானத்துல பரவி வெயிலையே மறைச்சிருச்சு. மேற்கு ஐரோப்பா முழுக்க ஜூன் ஜூலையிலயும் குளிரு, விடாத மழை, வயல்லயே பயிர் அழுகுது. ஏன் இப்படின்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது, எரிமலையையும் மழையையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவே நூறு வருஷம் ஆச்சு. ஹீரோயினுக்கு மட்டும் தெரியும். அவ தங்கியிருக்கற வீட்டுல எல்லாரும் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கிட்டு இது கடவுளோட கோபம்னு பேசறாங்க, இவ வாயைத் திறக்காம ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருக்கா. சொன்னா பைத்தியம்னு கட்டிப் போட்டுருவாங்க. அந்தப் பக்கத்தை நான் மூணு தடவை படிச்சேன். தெரிஞ்சதை வெச்சு ஊருக்கெல்லாம் புத்தி சொல்ற ஆளா அவளை எழுதியிருக்கலாம், நிறைய பேர் அப்படித்தான் எழுதறாங்க, இந்த எழுத்தாளர் அவளை வாயை மூட வெச்சாங்க.

அதுலயும் பெரிய விஷயம் இளவரசி சார்லட். அப்போ ராஜாவுக்குப் பதிலா ஆட்சி பண்ணிட்டிருந்த பிரின்ஸ் ரீஜன்டோட ஒரே பொண்ணு, அப்பாவுக்கு அடுத்து பட்டத்துக்கு வரப் போறவ, 1816 மே 2-ஆம் தேதி லியோபோல்டுன்னு ஒரு ஜெர்மன் இளவரசரோட கல்யாணம். நாடே கொண்டாடுது. நம்ம ஹீரோயின் வந்து விழற நேரத்துல பாத் கடைகள்ல எல்லாம் அந்தக் கல்யாணப் பேச்சுதான். பக்கத்து வீட்டு அம்மா இளவரசியோட வெள்ளிச்சரிகை கவுனைப் பத்தி அரைமணி நேரம் பேசறாங்க, ஹீரோயின் கையில டீக்கப் நடுங்குது. ஏன்னா இவ மிட்வைஃப், சார்லட்டோட கதை அவளுக்குத் தெரியும். 1817 நவம்பர்ல அம்பது மணி நேரம் வலி எடுத்து, குழந்தை செத்துப் பொறந்து, சில மணி நேரத்துல சார்லட்டும் போயிடுவா. வயசு இருபத்தி ஒண்ணு. பிரசவம் பார்த்த டாக்டர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட் அடுத்த பிப்ரவரியில தன்னையே சுட்டுக்குவார். வாரிசு இல்லாமப் போனதால சார்லட்டோட சித்தப்பாக்கள் அவசர அவசரமா கல்யாணம் பண்ணி, அதுல ஒருத்தருக்கு 1819-ல பொறந்ததுதான் விக்டோரியா. அதாவது சார்லட் பொழைச்சிருந்தா விக்டோரியா மகாராணியே கிடையாது.

ஹீரோயின் ஒரு ராத்திரி உட்கார்ந்து அந்த டாக்டருக்கு லெட்டர் எழுதறா. பட்டினி போடாதீங்க, ரத்தம் எடுக்காதீங்க, வலி நீண்டுக்கிட்டே போனா ஆயுதம் போடறதுக்கு பயப்படாதீங்கன்னு ஒவ்வொண்ணா எழுதி, கையெழுத்து போடற இடத்துல நின்னுடறா. யாருன்னு போடறது? பொறக்காத ஒரு பொண்ணு. அந்தக் காகிதத்தை மெழுகுவத்தியில காட்டி எரிக்கறா. அம்மா இதைக் கேட்டுட்டு அன்னிக்கு மேல சொல்ல வேணாம்னுட்டாங்க. சொட்டு மருந்து விட்டுட்டு லைட்டை அணைச்சேன்.

இப்போ காதலுக்கு வரேன். கேப்டன் ஒருத்தர், வாட்டர்லூ சண்டையில தோள்ல குண்டு பட்டவர், 1815 ஜூன்லேர்ந்து ஒரு கை முழுசா தூக்க வராது. பாத் வெந்நீர்ல குளிச்சா குணமாகும்னு வந்து தங்கியிருக்கார். அவருக்கும் இவளுக்கும் நடுவுல நடக்கறதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னச் சின்ன விஷயம். நடனக் கூடத்துல ஒரே ஆளோட ரெண்டு சுத்துக்கு மேல ஆடினா ஊரு பேசும். ஆடறப்போ ரெண்டு பேர் கையிலயும் கிளவ்ஸ். நிச்சயம் ஆகாத ஆணும் பொண்ணும் லெட்டர் எழுதிக்கக் கூடாது. அந்த வருஷம் ஜூலையில பிரின்ஸ் ரீஜன்ட் குடுத்த விருந்துல, ஆணும் பொண்ணும் பிடிச்சுக்கிட்டு சுத்தி ஆடற வால்ட்ஸ் ஆடினாங்கன்னு லண்டன் டைம்ஸ் பத்திரிகையே இது ஆபாசமான வெளிநாட்டு ஆட்டம்னு கண்டிச்சு எழுதுச்சு. வால்ட்ஸ்! இன்னிக்கு ஸ்கூல் ஆண்டு விழாவுல ஆடற ஆட்டம்.

ஹீரோயின் நம்ம காலத்துப் பொண்ணு, அதுலயும் மிட்வைஃப், தினம் பத்து பேரைத் தொட்டு வேலை செய்யறவ. அவளுக்குத் தொடறது ஒரு விஷயமே இல்ல. ஒரு நாள் மழையில கேப்டனோட கிளவ்ஸ் நனைஞ்சு, ஒரு கையால கழட்ட முடியாம நிக்கிறார், இவ சட்டுனு போய் ஒவ்வொரு விரலா இழுத்துக் கழட்டி விடறா. ஆஸ்பத்திரியில எத்தனையோ பேருக்கு செஞ்ச வேலை. நிமிர்ந்து பார்த்தா அந்த மனுஷன் மூச்சு விடாம நிக்கிறார். அப்பத்தான் அவளுக்குப் புரியுது, இந்த ஊர்ல, இந்த வருஷத்துல, இது எவ்வளவு பெரிய விஷயம்னு. அடுத்த தடவை கை குடுக்கறப்போ அவளுக்கே நடுங்குது. அங்க அடக்கம்ங்கறது எழுத்தாளர் மேலேர்ந்து போட்ட திரை இல்ல, அந்தக் காலமே அவ விரல் நுனிக்கு வந்து சேர்ந்துருச்சு. முத்தத்துக்கு முன்னாடி இருநூறு பக்கம் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு இந்த ஒரு சீனைத்தான் படிச்சுக் காட்டுவேன்.

அம்மாவுக்கு இந்த இடத்துல நான் விளக்கம் சொல்ல ஆரம்பிச்சேன், அப்போல்லாம் தொடக் கூடாதும்மா, அதனாலன்னு. "எனக்கு சொல்றியாடி நீ"ன்னாங்க. 1978-ல கல்யாணம், அதுக்கு முன்னாடி அப்பாவைப் பார்த்தது ஒரே தடவை, பொண்ணு பார்க்க வந்தப்போ, அதுவும் காபி டம்ளரைத்தான் பார்த்தேன்னு சொன்னாங்க. டம்ளர் குடுக்கறப்போ விரல் பட்டுச்சான்னு கேட்டேன். "பட்டுச்சு"ன்னாங்க. நாப்பத்தேழு வருஷம் கழிச்சு, ஒரு கண்ணுல பிளாஸ்டிக் மூடியோட, அந்த வார்த்தையை அவ்வளவு மெதுவா சொன்னாங்க.

லெட்டர் விஷயமும் அப்படித்தான். இங்கிலாந்துல 1840 வரைக்கும் லெட்டருக்குக் காசு குடுக்கறது பெரும்பாலும் வாங்கறவங்கதான், எத்தனை தாளு, எவ்வளவு தூரம்னு கணக்கு. அதனால ஒரே தாள்ல நிறைய எழுதணும்னு முழுசா எழுதி முடிச்சிட்டு, தாளைத் திருப்பி வெச்சு அதே பக்கத்துல குறுக்க இன்னொரு தடவை எழுதுவாங்க. நிச்சயம் ஆனதுக்கு அப்புறம் கேப்டன் எழுதற முதல் லெட்டர் அப்படித்தான் வருது, அதுல குறுக்க எழுதினதைப் படிக்க ஹீரோயினுக்கு ரெண்டு நாள் ஆகுது. அம்மா உடனே சொன்னாங்க, அப்பா வேலை பார்த்த ஊர்லேர்ந்து இன்லேண்ட் லெட்டர் போடுவாராம், எடம் பத்தாம மடிக்கிற காதுலயும் ஓரத்துலயும் எறும்பு மாதிரி எழுதி அனுப்புவாராம், ஓரத்துல இருக்கறதுதான் எனக்கு, நடுவுல இருக்கறது எங்க மாமியார் படிக்கறதுக்குன்னாங்க.

குறை இல்லாமலும் இல்ல. கேப்டனுக்கு நிலம் இருக்கு, அந்த நிலத்துல வேலை பாக்கறவங்க கதை எங்கயும் வரல. அந்த வருஷம் கூலியும் இல்லாம ரொட்டி விலையும் ஏறி, மே மாசம் லிட்டில்போர்ட், ஈலி பக்கம் கலவரமாகி அஞ்சு பேரைத் தூக்குல போட்டாங்க. மழையை இவ்வளவு அழகா எழுதினவங்க அந்த மழை யார் வயித்துல அடிச்சதுன்னு ஒரு பக்கமாவது எழுதியிருக்கணும். அதே மாதிரி, கல்யாணம் ஆனா பொண்ணுக்குன்னு எதுவும் சொந்தம் கிடையாது, அவ சம்பாதிக்கிறதுகூட புருஷனோடது, சட்டம் மாறினது 1870-லயும் 1882-லயும்தான். இந்தக் காலத்துல சம்பளம் வாங்கின பொண்ணு அதைப் பத்தி ஒரு வரி யோசிக்காம சரின்னு சொல்றது எனக்கு ஒப்பல. சர்ச்சுல மூணு ஞாயித்துக்கிழமை பேர் படிக்கிற வழக்கத்தை மட்டும் நல்லா பயன்படுத்தியிருக்காங்க. இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது ஆட்சேபணை உண்டான்னு கேப்பாங்க இல்ல, அந்த மூணு வாரமும் எந்த ஊரு எந்தக் குடும்பம்னு சொல்ல முடியாத பொண்ணு பின்வரிசையில உட்கார்ந்து நடுங்கறா.

இன்னொண்ணு, அந்த செப்டம்பர்லேர்ந்து மேரி ஷெல்லி பாத்லதான் தங்கி பிராங்கன்ஸ்டைன் எழுதிட்டு இருந்தாங்க, ஊத்துத் தண்ணி குடிக்க ஊரே கூடற பம்ப் ரூம் பக்கத்துலயே வீடு. தெருவுல ஒரு தடவை எதிர்ல வர விட்டிருக்கலாம். ஆசைதான்.

நாவல்லயே எனக்கு உசத்தி, சோப்பு வர்ற அத்தியாயம். வேலைக்காரப் பொண்ணோட அக்காவுக்குப் பிரசவ வலி. ஹீரோயின் ஓடறா. அங்க ஒரு வயசான மருத்துவச்சி, நல்ல அனுபவம், நல்ல மனசு, ஆனா இப்போதான் இன்னொரு வீட்டுல ஜன்னி கண்ட பொண்ணைப் பார்த்துட்டு அப்படியே வந்திருக்காங்க. கையைக் கழுவாம தொட்டா இந்தப் பொண்ணும் போயிடும்னு இவளுக்குத் தெரியும். ஆனா கை கழுவினா பிரசவ ஜன்னி குறையும்னு வியன்னாவுல செம்மல்வைஸ் கண்டுபிடிக்கிறது 1847-லதான், அதையும் அப்போ நிறைய டாக்டருங்க நம்பல. கிருமின்னு சொன்னா என்னன்னு கேப்பாங்க. ஹீரோயின் என்ன பண்றான்னா, "எங்க ஊர்ல பொறக்கப் போற குழந்தைக்கு மரியாதை, கை கழுவிட்டுத்தான் தொடுவோம்"னு சொல்றா. சடங்குன்னு சொன்னதும் அந்தக் கிழவி மறுபேச்சு பேசாம முழங்கை வரைக்கும் கழுவறாங்க. சோப்புக்கு அங்க அப்போ வரி, 1853 வரைக்கும் இருந்துச்சு, ஏழை வீட்டுல ஒரு கட்டி சோப்புங்கறது சும்மா இல்ல. இவ தன் சால்வையை வித்து வாங்கி வெச்சிருந்த சோப்பு அது. குழந்தை பொறக்குது. எங்க அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க, நிஜமாவே, கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டே.

அதனாலதான் முடிவு எனக்கு உறுத்துச்சு. கடைசியில திரும்பிப் போற வழி தெரிஞ்சும் ஹீரோயின் அங்கயே இருந்துடறா. காதல்னா அப்படித்தான், சரி. ஆனா இவ யாரு? அந்தக் காலத்துல பிரசவம்னா என்னன்னு அந்த ஊர்லயே ஒழுங்கா தெரிஞ்ச ஒரே ஆளு. மயக்க மருந்து வர இன்னும் முப்பது வருஷம். அடுத்த வருஷம் நாட்டோட இளவரசியே சாகப் போறான்னு தெரிஞ்சவ. அவளுக்கும் குழந்தை பொறக்கும்தானே, யார் பாப்பாங்க? நாவல் கல்யாண மணியோட நின்னுடுச்சு. க்ளீன் நாவல்னா படுக்கையறைக் கதவை சாத்தலாம், அது எனக்கு சம்மதம், ஆனா பிரசவ அறைக் கதவையும் சேர்த்து சாத்திட்ட மாதிரி இருந்துச்சு. பயந்து, அந்தப் பயத்தோடயே இருக்கேன்னு அவ ஒரு வரி சொல்லியிருந்தா அந்தக் காதல் எனக்கு இன்னும் பெருசா தெரிஞ்சிருக்கும்.

இதை யோசிச்சிட்டு இருந்தப்போதான் எங்க ஊர் ஞாபகம் வந்துச்சு. நாங்க கடலூர்க்காரங்க. அந்தக் காலத்து இங்கிலாந்து எழுத்தாளர் ஜேன் ஆஸ்டனோட சொந்த அத்தை ஃபிலடெல்ஃபியா ஆஸ்டன் கல்யாணம் பண்ணிக்கிட்டது கடலூர்ல. சின்ன வயசுலயே அம்மா அப்பா ரெண்டு பேரும் போயிட்டாங்க, வரதட்சணைக்குப் பணம் இல்ல, 1752 ஜனவரியில தனியா கப்பலேறி ஆகஸ்ட்ல மெட்ராஸ் வந்து இறங்கி, 1753 பிப்ரவரியில இங்க கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டரா இருந்த ஹான்காக்குன்னு ஒருத்தரைக் கட்டிக்கிட்டாங்க. தேவனாம்பட்டினத்துல செயின்ட் டேவிட் கோட்டைன்னு நாங்க பீச்சுக்குப் போறப்போ தாண்டிப் போற அந்தப் பக்கம்தான் அப்போ கம்பெனிக்காரங்க இடம். ஏழு மாசம் கடல்ல. லெட்டர் போட்டு பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல. இருபத்திரெண்டு வயசுப் பொண்ணு, தெரியாத பாஷை, தெரியாத வெயில். கால இயந்திரம் எதுவும் வேணாம், இதுவே போதும்.

அம்மாகிட்ட சொன்னேன். "அவளுக்கும் அம்மா இல்லையா"ன்னாங்க. இல்லம்மா. "திரும்பிப் போனாளா?" போனாங்கம்மா, 1765-ல, புருஷனோடயும் ஒரு பொண்ணோடயும். அப்புறம் புருஷன் மட்டும் சம்பாதிக்கத் திரும்பி வந்து கல்கத்தாவுலயே செத்துப் போயிட்டாரு. அம்மா ஒண்ணும் சொல்லல. தேவனாம்பட்டினத்துல தாத்தாவோட போய் மீன் வாங்கின கதையை மட்டும் கொஞ்ச நேரம் பேசினாங்க.

பதினோராவது ராத்திரி கடைசி அத்தியாயம். சர்ச்சு, மழை விட்டு லேசா வெயில், கேப்டன் தூக்க வராத கையால மோதிரம் போடறது, எல்லாம் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போறதுக்குப் பெட்டி கட்டறான்னு சொன்னப்போ அம்மா கேட்டாங்க, "அந்த சோப்பு எடுத்துக்கிட்டாளா?"

கிண்டிலைத் திறந்து அந்தப் பக்கத்தைத் தேடினேன். மஸ்லின் கவுன் மூணு, சால்வை ரெண்டு, குறுக்க எழுதின லெட்டருங்க ரிப்பன் கட்டி, ஒரு குடை. அவ்வளவுதான் இருந்துச்சு. ரெண்டு தடவை பார்த்தேன்.

"எடுத்துக்கிட்டாம்மா"ன்னேன். "பெட்டிக்கு அடியில, துணியில சுத்தி, ஆறு கட்டி." அம்மா தலையை ஆட்டிட்டு, கண்ணைத் திறந்து மருந்துக்குக் காட்டினாங்க.